மறுமடல்: பழைய வீடியோ டேப்கள் – பணம் அனுப்புமுன் இதைப் படியுங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் பழைய வீடியோ டேப்களை கம்ப்யூட்டரில் ஏற்ற ஆளுக்கொரு பங்கு பணம் கேட்ட மடல் பார்த்தேன். என் பங்கைத் தருகிறேன். ஆனால் போன மாதம் சித்தப்பா வீட்டுப் பரணில் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அட்டைப் பெட்டியில் 41 வி.எச்.எஸ். டேப்களும் படுக்கைவாட்டில் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடிக்குள் தெரிந்த சுருளின் ஓரத்தில் மாவு தூவினாற்போல் வெள்ளை. பூஞ்சை. "போட்டுத்தான் பார்ப்போமே" என்று சித்தப்பா டேப் ஓட்டும் டெக்கை, அதாவது விசிஆரை, தூசி தட்டினார். ஓடிப்போய்த் தடுத்தேன். பூஞ்சை பிடித்த டேப்பை ஓட்டினால் அது டெக்கில் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்த டேப்புக்கும் போகும். முதலில் காய்ந்த இடத்துக்கு மாற்றி நிற்கவைக்க வேண்டும். தெரிந்தவர் சுத்தம் செய்த பிறகே ஓட்டலாம்.

தள்ளிப்போடவும் வழியில்லை. கடைசிவரை தாக்குப்பிடித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியதோடு புது டெக் என்ற பேச்சே முடிந்தது.

அடுத்தது, டேப்பை மாற்றித் தருகிறவர்கள் "எம்பி4 ஆக்கிப் பென்டிரைவில் தருகிறோம்" என்கிறார்களே, அது. பார்ப்பதற்கு அது போதும். காப்பாற்றி வைக்கப் போதாது. நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறை டேப்பில் நொடிக்கு 50 அரைப்படங்கள் உண்டு, ஒற்றைப்படைக் கோடுகள் ஒருமுறை, இரட்டைப்படைக் கோடுகள் ஒருமுறை என்று. அவசரத்தில் மாற்றுகிறவர்கள் பாதியைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கை அசைவது வெட்டி வெட்டித் தெரியும். இல்லாவிட்டால் அசைகிற ஓரமெல்லாம் சீப்புப் பல்லாய் நிற்கும். ஆகவே படத்தில் எதையும் இழக்காமல் சுருக்குகிற எஃப்எஃப்வி1 (FFV1) முறையில், அரைப்படங்களைக் கலைக்காமல் மூலப்பிரதி கேளுங்கள். வெட்டுவது ஒட்டுவதெல்லாம் அதன் நகலில். படத்தின் மேல்பக்கம் கொடிபோல் வளைந்தால் அதை நேராக்குகிற டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியைப் போட்டார்களா என்றும் கேளுங்கள். கேம்கார்டரின் சின்ன மினி-டிவி (MiniDV) கேசட் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடே இல்லை. அது பிறவியிலேயே டிஜிட்டல். ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் அப்படியே இறக்கலாம், ஒரு மணி நேரப் படத்துக்கு 13 ஜிபி.

அகலத் திரைக்கு இழுத்து மூலையில் சங்க முத்திரை வைக்கலாம் என்று தலைவர் எழுதியிருந்தார். 4:3 படத்தை இழுத்தால் எல்லாரும் குண்டாகத்தான் தெரிவோம், தலைவர் உட்பட.

கடைசியாக, டேப்பின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதியாது. எங்கள் அம்மா பேசுகிற ஒரே டேப்பில் அரைமணி கழித்து கிரிக்கெட் வருகிறது. பதிந்தது யார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

---

பொருளாளர் எழுதியது:

தங்கச்சி, 41 டேப்பும் இ-180, தலா 3 மணி நேரம். எஃப்எஃப்வி1 ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 30 ஜிபி என்று விசாரித்தேன். மொத்தம் 3,690 ஜிபி. ஒரு 4 டிபி டிஸ்க்கில் அடங்கும். மூன்று டிஸ்க் என்று கணக்கில் இருக்கிறதே, யார் கேட்டது? வெற்று ஓட்டத்தையும் கிரிக்கெட்டையும் பிடிப்பானேன்? போன கட்டடக் கணக்கே இன்னும் முடியவில்லை.

---

நான் கேட்டேன், அண்ணா. ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று வேண்டும். வீடே நனைந்தால் வேறு ஊரில் மூன்றாவது வேண்டும். டிஸ்க்கும் பரணில் தூங்கக்கூடாது, வருஷம் ஒருமுறை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். கட்டடக் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள்.

---

அக்கா, கிரிக்கெட் பதிந்த அந்த "அவர்" நான்தான். எனக்கு அப்போது பதினாலு வயசு. டேப் மேல் ஒரு எழுத்தும் எழுதாமல், காதையும் உடைக்காமல் கொடுத்தது பெரியப்பா. அதை யாரும் சொல்வதில்லை, முப்பது வருஷமாக நான்தான் குற்றவாளி.

பொருளாளர் அண்ணாவுக்கு ஒன்று: எதையும் விடாமல் மூன்று மணி நேரமும் பிடிக்கச் சொல்லுங்கள். நான் பதிந்தது கடைசி இருபது ஓவர் மட்டும். மேட்ச் முடிந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குப் பின்னால் பெரியம்மா இன்னும் பேசிக்கொண்டிருப்பார்.