பழைய டியூப் ஆம்ப்: மாற்றியமைத்ததா, நகலா? வாங்கியவர்களின் அனுபவம்

நியூ ஜெர்சியிலிருந்து

பழைய ஃபெண்டர் கம்பெனி டியூப் ஆம்பின் (வால்வுகளால் கிடார் ஓசையைப் பெருக்கும் பெட்டி) ஓசை வேண்டும், ஆனால் 1950களின் அசல் துவீட் டீலக்ஸ் (துவீட் துணி போர்த்திய மாடல்) ஒன்றுக்குப் பல ஆயிரம் டாலர் கொடுக்க வசதியில்லை. கிடார் வாசிக்கிற நம்மில் பலருக்கு இதே நிலைமைதான். அப்படிப்பட்டவருக்கு இரண்டு வழி உண்டு. 1970களின் ஆம்ப் ஒன்றை யாராவது உள்ளே மாற்றியமைத்து விற்பார்கள், அதை வாங்கலாம். அல்லது பழைய சர்க்யூட்டைப் பார்த்துப் புதிதாகக் கையால் வயரிங் செய்த நகலை வாங்கலாம். நான் இரண்டையும் நேரில் பார்த்து, வாசித்து, பிறகுதான் முடிவு செய்தேன்.

முதலில் பார்த்தது ஒரு சில்வர்ஃபேஸ் டீலக்ஸ் ரிவெர்ப், அதாவது வெள்ளி நிற முகப்புள்ள ஃபெண்டர் மாடல். 'பிளாக்ஃபேஸ் ஆக்கப்பட்டது', அதாவது முந்தைய கறுப்பு முகப்பு ஆம்பின் சர்க்யூட்டுக்கு மாற்றியது என்று விளம்பரத்தில் போட்டு, அதற்காகவே விலையைக் கூட்டியிருந்தார்கள். சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது 1965 ஜனவரியில். அதற்குப் பிறகு முகப்பு வெள்ளி நிறமானதும் ஓசையும் கெட்டுவிட்டது என்று ஒரு பேச்சு இன்றுவரை ஓடுகிறது. ட்வின் ரிவெர்ப் போன்ற பெரிய ஆம்புகளில் அதற்குக் காரணம் இருக்கிறது. பவர் டியூப்களில் ஓடும் கரண்டை நிர்ணயிக்கும் பயஸ் சர்க்யூட்டில் கை வைத்தார்கள், அந்த டியூப்களின் கிரிட்டில் (சிக்னல் நுழையும் முனை) சின்னக் கெபாசிட்டர்களைச் சேர்த்தார்கள், பிற்பாடு மொத்த ஓசையைக் குறைக்கும் மாஸ்டர் வால்யூமும் வந்தது. டீலக்ஸ் ரிவெர்பில் அவ்வளவு மாற்றம் கிடையாது. ஏபி763 என்ற பழைய சர்க்யூட்தான் பெரும்பாலும் தொடர்ந்தது. ஆகவே 'பிளாக்ஃபேஸ் ஆக்கிய' டீலக்ஸ் ரிவெர்புக்குக் கூடுதல் விலை கேட்டால், அப்படி என்ன மாற்றினீர்கள் என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்க வேண்டும்.

நான் கேட்டேன். விற்றவர் நல்ல மனிதர், பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சேஸிஸையே (பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டம்) கழற்றிக் காட்டினார். பொட்டின் (வால்யூம் குமிழுக்குப் பின்னுள்ள பாகம்) முதுகில் 137 என்று தொடங்கும் எண் இருந்தது. 137 என்றால் சிடிஎஸ் கம்பெனி. அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். 7342 என்றிருந்தால் 1973-இன் 42-ஆவது வாரம். பவர் டிரான்ஸ்ஃபார்மரில் 606 என்று முத்திரை. அது ஷூமாக்கர் கம்பெனி, அந்தக் காலத்து ஃபெண்டருக்கு வழக்கமாக வருவதுதான். ஆனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எந்த எண்ணும் இல்லை. ஒயர்களின் நிறமும் புதிது. அதை எப்போதோ யாரோ மாற்றியிருக்கிறார்கள். பின்பக்கத் தகட்டில் புதிதாக ஒரு துளை போட்டு மாஸ்டர் வால்யூம் வைத்திருந்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றம் என்றாலே கெடுதல் இல்லை. மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களைப் புதுப்பித்திருந்தார்கள், அது நல்லது. ஐம்பது வயதான அந்த எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெபாசிட்டரோடு எந்த ஆம்பையும் வாசிக்கக் கூடாது. கிரவுண்ட் சுவிட்சோடு சேர்ந்திருந்த கெபாசிட்டரையும் எடுத்திருந்தார்கள். அது ஷார்ட் ஆனால், எர்த் சரியாக இல்லாத இடத்தில் சேஸிஸுக்கு நேராகக் கரண்ட் வந்துவிடும். சேஸிஸுக்கு வந்தால் கிடார் கம்பிக்கும் வரும். இந்த மாதிரி வேலைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஒரு ஒயரைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் மாற்றமும் பரவாயில்லை. தகட்டில் போட்ட துளையும் தொலைந்துபோன டிரான்ஸ்ஃபார்மரும் திரும்பி வராது. அவற்றுக்கு விலை குறைய வேண்டுமே தவிர ஏறக் கூடாது. வாசித்தபோது கிளீன் (கரகரப்பில்லாத) ஓசை அருமை. மாஸ்டரைக் குறைத்து ஓவர்டிரைவ் (கரகரப்பு) எடுத்தால் கொசு ரீங்காரம் மாதிரி மெலிந்துபோனது.

அப்புறம் போனது துவீட் டீலக்ஸ் நகல் ஒன்றைப் பார்க்க. 5ஈ3 என்ற சர்க்யூட், அசல் 1955 முதல் 1960 வரை வந்தது. தனி ஆளாகத் தன் பட்டறையில் செய்பவரிடம் இருந்தது. டியூப்கள் என்று பார்த்தால் பவருக்கு இரண்டு 6வி6, ஒரு 12ஏஒய்7, ஒரு 12ஏஎக்ஸ்7, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையருக்கு 5ஒய்3, அவ்வளவுதான். ஓசையை அடக்கி ஒழுங்காக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக் கிடையாது, பயஸ் தானாகவே அமையும் கேத்தோடு பயஸ். சுமார் 12 வாட்.

இந்த ஆம்பின் உயிர் அதன் மூன்றே பொட்டுகளில் இருக்கிறது. இரண்டு சேனலுக்கும் (உள்ளீட்டு வழி) பொதுவாக ஒரு டோன், தனித்தனி வால்யூம், ஆனால் ஒரு வால்யூமைத் திருகினால் மற்றதன் ஓசையும் மாறும். கிடாரை ஒரு சேனலில் செருகிவிட்டு, செருகாத சேனலின் வால்யூமை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். ஓசை இறுகும், ஒரு கட்டத்துக்கு மேல் அளவும் குறையும். முகப்பில் எண்கள் 12 வரை இருக்கும், ஆனால் 4 தாண்டினாலே ஓசை உடைந்து கரகரக்கத் தொடங்கிவிடும். பிறகு கிடாரின் வால்யூமைக் குறைத்தால் கிளீன், ஏற்றினால் கரகரப்பு. காலடியில் எந்தப் பெடலும் இல்லாமல் அரை மணி நேரம் வாசித்தேன், எதுவும் தேவைப்படவே இல்லை.

குறையும் உண்டு. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வைத்த கிடாரில் கீழ்க் கம்பிகள் கொழகொழவென்று ஆகிவிடும். அசலில், ஒரு டியூப் கட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஓசையைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட். அதை 0.022 ஆக்கினால் அடித்தொனி கட்டுக்குள் வரும். அந்தப் பட்டறைக்காரர் ஒரு சேனலை மட்டும் அப்படிச் செய்து, மற்றதை அசல்படியே விட்டிருந்தார். என் கணக்கில் நல்ல நகல் இதுதான். மாற்றியதையும் மாற்றாததையும் வாய் திறந்து சொல்கிறார், சர்க்யூட் வரைபடத்தையும் கையில் கொடுக்கிறார்.

இன்னொரு விஷயம், பழைய ஆம்புகளைச் செய்தபோது இங்கே சுவரில் வந்த வோல்டேஜ் குறைவு. இன்று 120-க்கு மேலேயே வருகிறது, அதனால் உள்ளே எல்லாமே கொஞ்சம் எகிறி ஓடும். நகலின் டிரான்ஸ்ஃபார்மர் இன்றைய வோல்டேஜுக்காகச் சுற்றியது. நான் நகலையே வாங்கினேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

சென்னையிலிருந்து

வோல்டேஜ் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அமெரிக்காவிலிருந்து பழைய ஆம்பைக் கொண்டுவர நினைக்கும் எல்லோரும் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 230 வோல்ட்டை 120 ஆக்க ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போதும் என்பார்கள். பாதிதான் சரி. ஆம்பின் பின்னால் 60 சைக்கிள் என்று எழுதியிருந்தால் அதன் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. நமக்கு வருவது 50. அதே வோல்டேஜில் ஃபிரீக்வென்சி குறைந்தால் இரும்புக் கோரில் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடும், சூடு ஏறும். தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மரும் உண்டு, தாங்காததும் உண்டு. ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தது எனக்கு வந்த பழைய ஆம்ப்.

அடுத்தது ஈரப்பதம். அந்தக் கால ஃபெண்டரில் பாகங்களைப் பொருத்தியிருக்கும் கறுப்பு ஃபைபர் அட்டை, மெழுகு பூசியது, ஈரத்தை இழுக்கும். வருடக்கணக்கில் இழுத்தால் அட்டையிலேயே கரண்ட் கசியும். ஐப்பசி மழைக்கு என் ஆம்ப் படபடவென்று பொரியும் சத்தம் போடத் தொடங்கியது. டியூபைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டோம். ரிச்சி தெருப் பக்கம் வால்வு ரேடியோ காலத்திலிருந்து வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கிடார் ஆம்ப் அவருக்குப் புதிது. ஆனால் "6வி6 தானே தம்பி, இது ரேடியோவிலேயே பார்த்தது" என்றார். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸில் கவ்வவிட்டு, சிவப்பு முனையை எந்த ஒயரும் இல்லாத வெறும் அட்டையில் வைத்தார். மீட்டரில் வோல்ட் காட்டியது! வெறும் அட்டையில்! கோளாறு எங்கே என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அதன் பிறகு நான் வாங்கியது டீலக்ஸ் ரிவெர்ப் நகல்தான். பிரைமரியில் (கரண்ட் நுழையும் சுருள்) 230 வோல்ட்டுக்கான டேப் (இணைப்பு முனை) உள்ள டிரான்ஸ்ஃபார்மர், ஃபைபருக்குப் பதில் கண்ணாடி எப்பாக்ஸி போர்டு. கடல் காற்றில் வாழ்கிறவர்களுக்கு இந்த இரண்டும் அலங்காரப் பேச்சு இல்லை, அத்தியாவசியம். முதல் டியூபுக்கு அந்தப் பெரியவரே ஒரு பழைய பெல் ஈசிசி83 கொடுத்தார். பெங்களூரு பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) ஒரு காலத்தில் வால்வு செய்தது பலருக்கு மறந்தே போயிருக்கும். 12ஏஎக்ஸ்7-க்கு ஐரோப்பியப் பெயர்தான் ஈசிசி83. இரைச்சலே இல்லாமல் ஓடுகிறது. எங்காவது கிடைத்தால் விடாதீர்கள்.

லண்டனிலிருந்து

நகல் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனின் மார்ஷல் கம்பெனியின் முதல் ஆம்பே ஒரு நகல். ஜிம் மார்ஷல் மேற்கு லண்டன் ஹான்வெலில் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஆம்புகள் இங்கே கைக்கெட்டாத விலை. 1962-இல் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரோடு சேர்ந்து ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் 5எஃப்6-ஏ சர்க்யூட்டைப் பார்த்துத்தான் ஜேடிஎம்45 என்ற அந்த முதல் ஆம்பை உருவாக்கினார்கள். முதல் டியூப் 12ஏஒய்7-க்குப் பதில் ஈசிசி83, இங்கே கிடைத்த டிரான்ஸ்ஃபார்மர், பின்பக்கம் மூடிய பெட்டியில் நான்கு செலெஸ்டியன் ஸ்பீக்கர். சர்க்யூட் கிட்டத்தட்ட அதேதான், ஆனால் ஓசை வேறொரு உலகம். அதனால்தான் சொல்கிறேன், நகல் பார்க்கும்போது சர்க்யூட்டின் பெயரோடு நிற்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் என்ன என்று கேளுங்கள்.

ஆனால் நான் எடுத்தது மாற்றியமைத்த அசல். 1970களின் 50 வாட் மார்ஷல். யாரோ 80களில் கூடுதலாக ஒரு டியூப் சாக்கெட்டுக்குத் துளை போட்டு, கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றியிருந்தார்கள். சேகரிப்பவர்கள் அந்தத் துளையைப் பார்த்ததுமே விலகிவிடுவார்கள், அதனால் விலை நன்றாக இறங்கியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மர்கள் எல்லாம் அசல், அதை உறுதி செய்துகொண்டுதான் காசு கொடுத்தேன். டெக்னீஷியன் கூடுதல் கெயினை எடுத்துவிட்டு சர்க்யூட்டைப் பழையபடி ஆக்கினார். துளை அப்படியே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். வாசிப்பதற்காக வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல பேரம் அமையாது. மறுபடி விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து

மூன்றாவது வழியும் இருக்கிறது: கிட் (பாகங்களின் தொகுப்பு) வாங்கி நாமே செய்வது. எங்கள் நாட்டு சீரியாடோன் கம்பெனியே பழைய சர்க்யூட்டுகளுக்குக் கிட்டும் தருகிறது, செய்து முடித்த ஆம்பும் தருகிறது. 5ஈ3 தொடங்குவதற்கு ஏற்றது, பாகங்கள் குறைவு, கேத்தோடு பயஸ் என்பதால் பயஸ் சரிசெய்யும் வேலையும் இல்லை.

டீலக்ஸ் ரிவெர்ப் மாதிரி ஃபிக்ஸ்ட் பயஸ் (பயஸைத் தனியாக அமைக்க வேண்டிய) ஆம்ப் என்றால், புதியதோ பழையதோ, வாங்கும்போது பயஸ் அளவு என்ன என்று கேளுங்கள். 6வி6-இன் பிளேட் (டியூபுக்குள் இருக்கும் தகடு) தாங்குவது 12 வாட், வழக்கமாக வைப்பது அதில் 70 சதவீதம், அதாவது 8.4 வாட். பிளேட்டில் 415 வோல்ட் இருந்தால் ஒரு டியூபுக்கு 20 மில்லிஆம்ப் வருகிறது. இந்தக் கணக்கைச் சொல்லத் தெரியாதவர் ஆம்பை மாற்றியமைத்தேன் என்று சொன்னால், நான் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

செய்யப் போகிறவர்களுக்குக் கண்டிப்பாக ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் 400 வோல்ட் நிற்கலாம். அது ஆளைக் கொல்லும். ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது ஒரு குண்டு பல்பைத் தொடரில் போட்டுக் கொடுங்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும்.

மறுபடி நியூ ஜெர்சியிலிருந்து

லண்டன் நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன், அசல் டிரான்ஸ்ஃபார்மரோடு, துளை மட்டும் போட்ட ஆம்ப் குறைந்த விலைக்கு வந்தால் நானும் யோசித்திருப்பேன். நான் பார்த்ததில் துளையும் இருந்தது, டிரான்ஸ்ஃபார்மரும் போயிருந்தது, விலையும் ஏறியிருந்தது.

தனியாக ஒருவர் கேட்டிருந்தார், ஸ்பீக்கர் மாற்றலாமா என்று. 5ஈ3-இல் தாராளமாக, ஆனால் 8 ஓம் எடுத்துவிட்டால் 8 ஓமே போடுங்கள். 12 வாட் ஆம்புக்கு அதைவிட இரண்டு மடங்காவது தாங்கும் ஸ்பீக்கர் இருக்கட்டும், ஏனென்றால் முழுக்க முறுக்கினால் இந்த ஆம்ப் 12-க்கு மேலும் தள்ளும். மாற்றுகிற நேரத்தில் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவைத்துவிட்டு ஆன் செய்துவிடாதீர்கள். லோடு (ஸ்பீக்கர்) இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம். சென்னை நண்பரே, உங்கள் நகலின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் யார் சுற்றியது என்ற விவரம் இருந்தால் போடுங்கள், கோயம்புத்தூரில் ஒரு தம்பி அதே 230 டேப்போடுதான் தேடிக்கொண்டிருக்கிறான்.