ஆடிக் காற்று நின்ற பிறகு மின்சாரம் எங்கிருந்து வரும்?

உடுமலை_காற்றாலை:
அனல்மின் நிலையங்களை மூடினால் தமிழ்நாடு இருண்டுவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். நான் ஏற்கவில்லை. மின்சாரத்தைச் சேமிப்பது நமக்குப் புதிதில்லை. 1980களின் இறுதியில் கட்டிய கடம்பாறை நீர்மின் நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மேலே உள்ள கடம்பாறை அணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் எடுக்கலாம். இதுபோல இன்னும் சில நிலையங்களும், கூடவே பேட்டரியும் இருந்தால் பகல் சோலாரை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பல்லடம்_தறி:
அண்ணா, அளவைப் பாருங்கள். 2024 மே மாதம் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அதற்கு 400 எந்த மூலைக்கு? அப்புறம், நீங்கள் போடுவது பகல்-இரவுக் கணக்கு. என் பயம் வேறு. புரட்டாசியோடு காற்று ஓய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் சோலாரையும் மூடிவிடும். ஐந்து நாள் அடைமழை பிடித்தால் நான்கு மணி நேரப் பேட்டரி முதல் ராத்திரியே தீர்ந்துபோகும். ஆடியில் விளைந்ததைக் கார்த்திகைக்குப் போட்டு வைக்க எந்தக் குதிர் இருக்கிறது? 2012 மின்வெட்டில் எங்கள் தறிகள் நாளில் பாதி நேரம் நின்றன. கூலிக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியது இன்னும் மறக்கவில்லை.

உடுமலை_காற்றாலை:
குதிர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அடைமழையில் ஏசியும் பம்ப்செட்டும் ஓடாது, தேவையும் இறங்கும். அதே நாட்களில் ராஜஸ்தானில் நல்ல வெயில் அடிக்கும். சத்தீஸ்கரின் ராய்கரையும் நம் புகளூரையும் இணைக்கும் உயரழுத்த மின்வழித்தடம் 6,000 மெகாவாட் தாங்கும். ஆடியில் நம் காற்று மின்சாரத்தை வடக்கே அனுப்பவும் அதில் வழி இருக்கிறது.

பல்லடம்_தறி:
அந்தத் தடம் போட்டதே சத்தீஸ்கர் நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டுவரத்தானே?

ரிலே_சென்னை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2016 செப்டம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவில் புயல் உயரழுத்தக் கோபுரங்களைச் சாய்த்தது. மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்ததும் பல காற்றாலைகள் தம் பாதுகாப்பு அமைப்பின்படி உற்பத்தியைச் சட்டென்று குறைத்தன. மாநிலமே இருண்டது. காற்று நன்றாக வீசிய நாள் அது! பிறகு அமைப்புகளை மாற்றினார்கள். 2017இல் அங்கே ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தார்கள். 2021இல் எரிபொருள் இல்லாமல் சுழன்று மின்கட்டமைப்பைத் தாங்கிப் பிடிக்கும் நான்கு சின்க்ரனஸ் கண்டன்சர்களும் வந்தன. அனல் நிலையத்தின் கனமான டர்பைன் சும்மா சுழன்றே தந்த பலம் அது. மூடினால் அதையும் தனியாக வாங்க வேண்டும்.

பல்லடம்_தறி:
அப்படியானால் அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கார்த்திகை அடைமழை வாரத்துக்கு மணிவாரியாக எது எவ்வளவு தரும் என்று காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை சில அனல் நிலையங்களை ஓட்டாமல் குளிரவிட்டாவது வைத்திருங்கள், இடிக்காதீர்கள்.