கோகாமாவில் குடியேறுபவர்களுக்கு: பனி விழ முன்னரே முடிக்க வேண்டியவை

ரொறன்ரோவில் வீடு பார்த்த கண்ணோடு வட ஒன்ராறியோவின் கோகாமாவுக்கு வர வேண்டாம். 2024இல் தங்கம் எடுக்கத் தொடங்கிய கோட்டே சுரங்கம் பக்கத்தில் இருப்பதால், முகாமில் தங்காமல் குடும்பத்தோடு இங்கேயே இருக்கலாமா என்று அங்கே வேலைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். இருக்கலாம். ஆனால் மினிசினாக்வா ஏரிக்கரையிலுள்ள இந்த ஊருக்கு நகரசபை கிடையாது. வீட்டு வரியை மாகாண நில வரியாக நிதி அமைச்சுக்குக் கட்ட வேண்டும். ஊரவர் தெரிவு செய்யும் உள்ளூர்ச் சேவைச் சபையின் கட்டணமும் அதே பில்லில் வரும். கையெழுத்துப் போட முன்னரே அந்தச் சபையிடம் கேளுங்கள்: தண்ணீர் யார் தருவது, குப்பை எங்கே, வீட்டு வீதியில் பனி வழிப்பது யார்?

சொந்தக் கிணறு என்றால் சுகாதாரப் பிரிவில் இலவசப் போத்தல் வாங்கி, தண்ணீர் எடுத்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச் சேரும்படி குளிராக வைத்துக் கொடுங்கள். அந்தச் சோதனை கோலிஃபார்ம், ஈ.கோலை கிருமிகளை மட்டுமே பார்க்கும். நைட்ரேட், உலோகங்களுக்குத் தனியாகக் காசு கட்டிச் சோதிக்க வேண்டும்.

செப்டிக் தொட்டியின் கழிவுநீர் வெளியேறிச் சுவறும் நிலத்தின் மேல் பனியை வழித்துத் துப்புரவாக வைக்காதீர்கள். மிதிபடாத பனிதான் அதற்குப் போர்வை. ஸ்னோமொபைலோ காரோ ஓடி அது இறுகினால் குளிர் ஆழமாக இறங்கிக் குழாய் உறையும், கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பும்.

அடுத்தது விறகு. மின்சாரம் நின்றால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் விசிறியும் நின்றுவிடும், அதனால் விறகடுப்பு அவசியம். காப்புறுதி நிறுவனம் பெரும்பாலும் வெட் (WETT) சான்றிதழ், அதாவது விறகடுப்பையும் புகைபோக்கியையும் பரிசோதித்த சான்று கேட்கும், தீயணைப்பு நிலையத் தூரத்தையும் கேட்கும். விறகு வாங்கும்போது அளவில் கவனம்: முழுக் கோர்ட் என்பது 4×4×8 அடி, அதாவது 128 கன அடி. 'ஃபேஸ் கோர்ட்' 16 அங்குலத் துண்டென்றால் அதில் மூன்றில் ஒன்றுதான். விலையை ஒப்பிட முன்னர் எது என்று கேளுங்கள். ஈரம் 20 சதவீதத்துக்கு மேலிருந்தால் புகைபோக்கியில் கிரியசோட் என்ற தார் போன்ற கரி படிந்து தீப்பிடிக்கும். இலையுதிர்காலத்தில் வெட்டிய பச்சை விறகை அந்தக் குளிருக்கே எரிக்க நினைக்க வேண்டாம். கார்பன் மொனொக்சைட் அலாரம் எல்லா மாடியிலும் இருக்கட்டும்.

—

மேலே சொன்னதோடு வாகனமும் ஏரியும்.

தெற்கே சட்பரி, வடக்கே ரிம்மின்ஸ், இரண்டுமே 100 கிலோமீட்டருக்கு மேல். அங்கே போகும் 144ஆம் நெடுஞ்சாலையில் கைத்தொலைபேசி சிக்னல் இல்லாத நீளமான பகுதிகள் உண்டு. மலையும் பனிச்செதிலும் சின்னமாகப் பொறித்த குளிர்கால ரயர் நான்கும் போடுங்கள், முன்னால் இரண்டு மட்டும் போட்டால் பின்பக்கம் சறுக்கித் திரும்பும். −20க்குக் கீழே போகும் இரவுகளில் எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரைப் புறப்பட மூன்று, நான்கு மணி நேரம் முன்னர் டைமரில் விடுங்கள். கண்ணாடி கழுவும் திரவம் −40 வகை. அந்தி நேரத்தில் மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வரும். அதன் உயரத்துக்கு ஹெட்லைட் வெளிச்சம் அதன் கண்ணில் பட்டு மினுங்காது, கறுப்பு உடம்பும் தெரியாது. வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிபுணரைப் பார்க்க ஒரு வழி 100 கிலோமீட்டருக்கு மேல் போனால் வடக்குச் சுகாதாரப் பயண உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். படிவத்தில் உங்களை அனுப்பும் மருத்துவரும் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அங்கேயே வாங்கிவிடுங்கள், பிறகு தபாலில் அலைய வேண்டிவரும்.

ஏரி உறைந்ததும் பிள்ளைகள் ஓடப் பார்ப்பார்கள். தெளிந்த நீலப் பனிக்கட்டி 10 சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் காலே வைக்கக் கூடாது, புதியவர்கள் 15 வரும்வரை பொறுங்கள். வெண்கட்டிக்குப் பாதி வலுத்தான், எனவே இரட்டிப்புத் தடிப்பு வேண்டும். ஆறு வந்து சேரும் வாயிலும் ஒடுங்கிய இடத்திலும் அடியில் நீரோட்டம் இருப்பதால் ஜனவரியிலும் மெல்லியதாகவே இருக்கும். துளையிட்டு அளக்காமல், அடுத்தவர் போன தடத்தை நம்பிப் போக வேண்டாம்.