சி.எஸ்.எஃப்பில் (மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்திருக்கும் நீரில்) மருந்து இருந்தால் மூளைக்குள்ளும் போய்விட்டது என்று அர்த்தமா?

பனித்துளி:
வணக்கம். ரத்த-மூளைத் தடுப்பு என்றாலே இந்தப் பக்கம் ரத்தம், அந்தப் பக்கம் மூளையும் முதுகுத்தண்டு நீரும், நடுவில் ஒரு சுவர் என்றுதான் படம் போடுகிறார்கள். மூன்று இடத்தில் எனக்கு இடிக்கிறது.

சி.எஸ்.எஃப்பில் ஒரு மருந்தின் அளவைப் பார்த்தாலே மூளைத் திசுவில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடுமா?

பென்சிலின் மூளைப் பக்கம் எளிதில் போகாது என்கிறார்கள். மெனிஞ்சைட்டிஸுக்கு (மூளை உறை அழற்சிக்கு) அதையே கொடுக்கிறார்கள். எப்படி வேலை செய்கிறது?

கடைசியாக ஒரு பயிற்சிக் கணக்கு. வயது 45, சி.எஸ்.எஃப்பில் அல்புமின் என்ற ரத்தப் புரதம் 38, சீரத்தில் (ரத்தத்தின் நீர்ப் பகுதியில்) அதே அல்புமினும் 38. வகுத்தால் 1 வருகிறது. தடுப்பு நன்றாக இருக்கிறது என்று எழுதலாமா?

நீலச்சாயம்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். குழப்பமே அந்தப் படத்தில்தான். இருப்பது ஒரு சுவர் அல்ல, இரண்டு.

ஒன்று மூளைத் தந்துகிகளின் (மிக நுண்ணிய ரத்தக் குழாய்களின்) உள்சுவர். எண்டோதீலியல் செல்கள் ஒன்றோடொன்று டைட் ஜங்ஷன்களால் தைத்தாற்போல் ஒட்டியிருக்கும். வெளியே துணைச் செல்களான பெரிசைட்டுகளும் ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்களும் சுற்றிக்கொண்டிருக்கும். இதுதான் ரத்த-மூளைத் தடுப்பு. இன்னொன்று கோராய்டு பிளெக்சஸ், அதாவது வென்ட்ரிக்கிள் எனும் மூளை அறைகளில் சி.எஸ்.எஃப்பைச் சுரக்கும் திசு. அங்கே தந்துகியில் ஓட்டைகள் உண்டு, அல்புமின்கூடக் கசியும். ஆனால் மேலே போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல்கள் இறுக்கமாக மூடியவை. இது ரத்த-சி.எஸ்.எஃப் தடுப்பு.

சி.எஸ்.எஃப்புக்கும் மூளைக்கும் நடுவில்? பெரிய தடையே கிடையாது. வென்ட்ரிக்கிளின் உள்ளே விரித்திருக்கும் எபென்டைமா கசியக்கூடியதுதான். கோல்ட்மன் செய்த பழைய சோதனை இதை அழகாகக் காட்டிவிட்டது. டிரைபான் புளூவைச் சிரையில் செலுத்தினால் உடம்பெல்லாம் நீலமாகும், கோராய்டு பிளெக்சஸும் நீலமாகும், மூளை மட்டும் வெள்ளையாக நிற்கும். 1913-இல் அதே சாயத்தை சி.எஸ்.எஃப்பில் விட்டுப் பார்த்தார், மூளை நீலமானது. சாயத்தை நிறுத்துவது எண்டோதீலியத்தின் டைட் ஜங்ஷன்தான் என்பது 1967-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் உறுதியானது.

தடை இல்லையென்றால் இரண்டிலும் ஒரே அளவுதானே இருக்க வேண்டும் என்று தோன்றும். இருக்காது, தூரம் இடிக்கிறது. ஒரு நியூரானிலிருந்து பக்கத்துத் தந்துகிக்கு சுமார் 20 மைக்ரான்தான். சி.எஸ்.எஃப்பிலிருந்து ஆழத்தில் இருக்கும் திசுவுக்குப் போக வேண்டுமானால் பல மில்லிமீட்டர் ஊறிக்கொண்டே போக வேண்டும். அதற்குள் நீரே மாறிவிடும்: மொத்தம் 150 மி.லி., நாளொன்றுக்குச் சுரப்பது 500 மி.லி.

இன்னொரு பொறி, புரதத்தோடு ஒட்டியிருக்கும் பங்கு. வலிப்பு மருந்தான பினிட்டாயினை எடுத்துக்கொள்ளுங்கள். சீரத்தில் 90 விழுக்காடு அல்புமினோடு ஒட்டியிருக்கும். மொத்தம் 15 என்றால் தனித்து உலவுவது 1.5. சி.எஸ்.எஃப்பிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். மொத்தத்தோடு ஒப்பிட்டு "பத்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது" என்று எழுதினால் தப்பு. மருந்து முழுச் சமநிலைக்கு வந்துவிட்டது. ஒட்டாத பங்கை ஒட்டாத பங்கோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

மருந்துப்பெட்டி:
பென்சிலினுக்கு வருகிறேன். அது ரத்தத்தில் அயனியாகவே இருக்கும், கொழுப்பில் கரையாது. தப்பித் தவறி சி.எஸ்.எஃப்புக்குள் வந்தாலும் கோராய்டு பிளெக்சஸில் இருக்கும் கரிம அமிலப் பம்பு அதை இறைத்து ரத்தத்துக்கே திருப்பி அனுப்பும். இந்தப் பம்பைத் தடுக்கும் புரோபெனசிட் கொடுத்தால் சி.எஸ்.எஃப்பில் பென்சிலின் அளவு ஏறுவது இதனால்தான்.

மெனிஞ்சைட்டிஸில் அழற்சி ஜங்ஷன்களைத் தளர்த்துகிறது, பம்பும் சோர்ந்துவிடுகிறது. உள்ளே வருவது கூடுகிறது, வெளியே போவது குறைகிறது. அப்படியும் சீரத்தில் இருப்பதில் சிறு பங்குதான் வரும். அதனால்தான் டோஸ் பெரிது. இதே நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு ஆன்டிபயாட்டிக்கான செஃப்ட்ரியாக்சோன் என்றால் பெரியவர்களுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 கிராம், சிரை வழியாக.

இங்கேதான் வழக்கமாகத் தவறு நடக்கும். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் டோஸைக் குறைக்கலாம், மாத்திரைக்கு மாற்றலாம் என்று கை பரபரக்கும். கூடாது. அழற்சி அடங்க அடங்கக் கதவும் மூடிக்கொண்டே வரும், அதே டோஸிலேயே உள்ளே போவது குறையும். இதில் டோஸையும் குறைத்தால் மிச்சமிருக்கும் கிருமிக்குக் கொண்டாட்டம். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெதசோனும் இப்படித்தான் கதவை மூடும். முதல் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்போ கூடவோ அதைக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் உள்ளே போவது குறையலாம் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

காசநோய் மெனிஞ்சைட்டிஸில் ஐசோநையசிடும் பைரசினமைடும் அழற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாராளமாக நுழையும். ரிஃபாம்பிசின் கொஞ்சம்தான். ஸ்ட்ரெப்டோமைசின் அழற்சி இருக்கும்வரை ஓரளவு, அப்புறம் இல்லையென்றே சொல்லலாம்.

குழாய்எண்4:
அந்த 1-ஐ எழுதிவிடாதீர்கள்! அலகைப் பாருங்கள். சி.எஸ்.எஃப் 38 என்பது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். சீரம் 38 என்பது லிட்டருக்குக் கிராம், அதாவது டெசிலிட்டருக்கு 3800 மில்லிகிராம். 38-ஐ 3800-ஆல் வகுத்தால் 0.010, ஆயிரத்தால் பெருக்கி 10 என்று எழுதுவது வழக்கம். வயதுக்கேற்ற மேல் வரம்புக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: வயதை 15-ஆல் வகுத்து 4 கூட்டுங்கள். 45 வயதுக்கு 7. ஆக, இது கூடுதல்.

ஆனால் "ரத்த-மூளைத் தடுப்பு உடைந்தது" என்றும் எழுத முடியாது. அல்புமின் கல்லீரலில் மட்டுமே உண்டாவதால், சி.எஸ்.எஃப்பில் இருப்பதெல்லாம் ரத்தத்திலிருந்து வந்தது என்பது உறுதி. எந்த வழியாக வந்தது, எவ்வளவு நேரம் தேங்கியது என்பதை அந்த எண் சொல்லாது. தண்டுவடக் கால்வாயில் அடைப்பு இருந்து நீரோட்டம் மந்தமானாலே விகிதம் ஏறும். குல்லன்-பாரே என்ற நரம்பு நோயில் நரம்பு வேர்களில் கசிந்தாலும் ஏறும். இரண்டிலும் மூளைத் தந்துகிகள் அப்படியே இருக்கலாம்.

எண்ணை நம்புவதற்கு முன் மாதிரியைப் பாருங்கள். ஊசி போகும்போது சிறு நாளத்தைக் கீறிவிட்டால் சீரம் கலந்துவிடும். சீரத்தில் அல்புமின் சுமார் 200 மடங்கு என்பதால் துளி கலந்தாலும் கணக்கு கெடும். மைக்ரோலிட்டருக்குச் சிவப்பணு ஆயிரம் இருந்தால் புரதத்தில் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கழிப்பது தோராயக் கணக்கு. முதல் குழாய் சிவந்து நான்காவது தெளிந்திருந்தால் ஊசிக் காயம் என்று ஊகிக்கலாம். புரதத்துக்கு எப்போதும் ஒரே வரிசைக் குழாயை அனுப்புங்கள், ஏனென்றால் வென்ட்ரிக்கிளிலிருந்து இடுப்பை நோக்கி இறங்க இறங்க அல்புமின் ஏறும். சீரமும் அதே வேளையில் எடுத்ததாக இருக்க வேண்டும், நேற்றைய ரிப்போர்ட் ஆகாது.

பனித்துளி:
அலகில் கோட்டை விட்டிருக்கிறேன், நன்றி. ஒரு துணைக் கேள்வி: தடுப்பைத் தாண்டாத மருந்தை நேரே முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால் மூளைக்குள் இருக்கும் கட்டிக்குப் போய்ச் சேருமா?

மருந்துப்பெட்டி:
மேற்பரப்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை. அவ்வளவுதான். அதனால் மூளை உறைகளில் படர்ந்த லுகேமியாவுக்கு மெத்தோட்ரெக்சேட் 12 மில்லிகிராம் இந்த வழியில் நன்றாக வேலை செய்கிறது, திசுவுக்குள் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டிக்கு எட்டாது. பதப்பொருள் சேர்க்காத வயலாக இருக்க வேண்டும், பென்சைல் ஆல்கஹால் அங்கே நரம்பைக் கெடுக்கும். நீரோட்டத்தில் அடைப்பு இருந்தால் மருந்து ஓரிடத்தில் தேங்கிவிடும், மற்ற இடத்துக்குப் போகாது.

இதோடு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சிரை வழியாக மட்டுமே கொடுக்க வேண்டிய புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் இந்த வழியில் போனால் பெரும்பாலும் உயிரே போய்விடும். இரண்டு மருந்துகளும் ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் வரக்கூடியவை என்பதுதான் ஆபத்து. வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் நிரப்பாமல் 50 மி.லி. சிறு பையில் கலந்து அனுப்பினால், அதை யாரும் எல்.பி. ஊசியில் (இடுப்பில் முதுகுத்தண்டு நீருக்குள் போடும் ஊசியில்) மாட்டப் போவதில்லை.