பான்-ஆப்பிரிக்கனிசம்: ‘அனைத்து’ போதுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஆப்பிரிக்கரும் உலகெங்கும் பரவிய ஆப்பிரிக்க வழியினரும் ஒன்றுபட வேண்டும் என்ற கொள்கையே பான்-ஆப்பிரிக்கனிசம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். குழுமத்தில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘அனைத்து ஆப்பிரிக்கவாதம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். அனைத்திந்திய, அனைத்துலக என்று ஏற்கெனவே பழகிய சொல்தானே.

ஐயா, போன வாரம் வரை நானும் இப்படித்தான் எழுதிவந்தேன். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலக வரலாறு சொல்லித்தருகிறேன். கரும்பலகையில் இந்தச் சொல்லை எழுதியதுமே பின்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அப்ப அமெரிக்காவுல இருக்கறவங்க இதுல வரமாட்டாங்களா சார்?” வருவார்கள் என்று விளக்கினேன். விளக்கிய பிறகு பலகையில் இருந்த சொல்லைப் பார்க்கவே உறுத்தியது, அழித்துவிட்டேன்.

அவள் கேட்டதுதான் இந்தச் சொல்லின் உயிர்நாடி. இந்தக் கருத்து உருவானதே ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு வெளியில். 1900 ஜூலையில் லண்டனில் முதல் மாநாட்டைக் கூட்டிய ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் டிரினிடாட்காரர். அதில் கலந்துகொண்டு, 1919இல் பாரிசில் அடுத்த மாநாட்டுத் தொடரைத் தொடங்கிவைத்த கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அமெரிக்கர். 1945இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், பிற்காலத்தில் தத்தம் நாடுகளின் தலைவர்களான நுக்ருமா (கானா), கென்யாட்டா (கென்யா) போன்றோர் கூடிய மாநாட்டுக்கு ஓடியாடி உழைத்த ஜார்ஜ் பேட்மோரும் டிரினிடாட்டில் பிறந்தவர். பின்னாளில் கானாவுக்குப் போய் நுக்ருமாவின் ஆலோசகரானார். டுபாய்ஸ் தம் கடைசி ஆண்டுகளைக் கானாவின் தலைநகர் அக்ராவில் கழித்து, 1963இல் அங்கேயே மறைந்தார். இவர்களை வெளியே நிறுத்தும் சொல் எப்படிச் சரியாகும்? ‘அனைத்து ஆப்பிரிக்க’ என்றதும் மனத்தில் நிலப்படம் விரிகிறது. நமக்கு வேண்டியது மனிதர்கள். ஆகவே ‘ஆப்பிரிக்க’ என்பதை விட்டு ‘ஆப்பிரிக்கர்’ என்று உயர்திணையில் தொடங்குவோம்.

‘பாண்டமிக்’கைப் ‘பெருந்தொற்று’ என்பது போல இதைப் ‘பேராப்பிரிக்கம்’ எனலாமே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நோய்க்கு அது நன்றாகவே பொருந்தியது. ஆனால் ‘பேரினவாதம்’ என்ற சொல்லால் என்ன குறிக்கிறோம் என்பதை இலங்கை நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிமை வணிகத்திலும் காலனியாட்சியிலும் நசுங்கியவர்களின் கருத்துக்கு ஆதிக்கத்தின் வாடை வீசும் முன்னொட்டு வேண்டாம். ‘வாதம்’ என்பதையும் விட்டுவிடலாம். பெண்ணியம், மார்க்சியம் என்று ‘இயம்’ வேரூன்றிவிட்டது.

‘ஓர்’ சேர்த்து ‘ஓராப்பிரிக்கியம்’ என்றால் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒரு பக்கம் சாய்கிறது. உடனே ஒரே ஒன்றிய அரசு வேண்டும் என்றார் நுக்ருமா. படிப்படியாகப் போவோம் என்றார் தான்சானியத் தலைவர் நைரேரே. அந்த வழக்கு தீராமலேதான் 1963 மே 25 அன்று அடிஸ் அபாபாவில் 32 நாடுகள் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை நிறுவின. இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதே இந்தக் கொள்கையின் பெருமை என்று நினைக்கிறேன். நாம் ஆக்கும் சொல்லில் இருவருக்கும் இடம் வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் எப்படிச் சொல்கிறார்கள் என்று தேடினேன். ‘உமஜுமுயி’ என்கிறார்கள். திரட்டு, தொகுதி என்ற பொருள் தரும் அரபுச் சொல்லின் முன்னால், பண்புப்பெயர் ஆக்கும் ‘உ’ சேர்ந்தது. நம் ஜமாத்தும் ஜமாபந்தியும் அதே அரபு வேரிலிருந்து வந்தவைதாம்! கூடுதல், திரளுதல் என்ற வினைதான் அவர்கள் சொல்லின் அடியில் இருக்கிறது. நாமும் ஒரு வினையிலிருந்தே தொடங்கலாமே என்று அங்கேதான் தோன்றியது.

என் முன்மொழிவு: ஆப்பிரிக்கர் இணைவியம்.

‘இணைப்பு’ என்றால் யாரோ ஒருவர் பிடித்து இணைக்கிறார். ஒரு நாட்டை இன்னொன்று விழுங்குவதையும் அப்படித்தான் எழுதுகிறோம். ‘இணைவு’ தன்வினை. பேசி, ஒருவரையொருவர் படித்தறிந்து, தாமாகவே சேர்வது. எல்லாரையும் உட்கார வைத்துப் பேசும் உரையாடலாலும் கல்வியாலும் வரும் ஒற்றுமையை இதைவிட நெருக்கமாகச் சொல்லும் சொல் எனக்கு அகப்படவில்லை.

‘அனைத்து’ என்பதை அடியோடு தள்ளச் சொல்லவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியம் நடத்தும் பல்கலைக்கழகத்துக்கு அதுதான் பொருத்தம்: ‘அனைத்து ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகம்’. அதன் கழகங்களில் ஒன்று நைஜீரியாவின் இபாதானில், ஒன்று அல்ஜீரியாவின் திலெம்சனில், இன்னொன்று கேமரூனின் யாவுண்டேயில். கண்டம் முழுதும் பரவியிருப்பதே அதன் அமைப்பு. அங்கே நிலப்படம் விரியட்டும். கொள்கையைச் சொல்லும்போது மட்டும் இணைவியம். 1945இல் நடந்தது ‘ஆப்பிரிக்கர் இணைவு மாநாடு’.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. இக்கொள்கை உடையவரை ‘இணைவியர்’ என்றால் பேச்சில் ‘இணையர்’ என்று காதில் விழுகிறது. அது கணவன் மனைவியைக் குறிக்கும் சொல். ‘இணைவியலாளர்’ என்றால் ஏதோ ஆய்வுத்துறை ஆகிவிடும். இலக்கணம் அறிந்தவர்கள் இதற்கு வழி சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால், மறுநாள் அந்தப் பெண்ணிடம் முழுச் சொல்லையும் காட்டிவிடுவேன்.

அன்புடன்