சின்ன வியாபாரத்துக்கு மாதாமாதம் விளம்பரக் காசு தேவையா?

தங்கச்சிமடத்துக்காரன்:
அம்மாவும் சித்தியும் கருவாடு போடுகிறார்கள். நெத்திலி, சூடை, வாளை, கிடைக்கிறபோது சீலா. இத்தனை காலமும் வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டு போவார், அவர் சொன்னதுதான் விலை. இனி நேரடியாக விற்கலாம் என்று நான் இறங்கியிருக்கிறேன். மதுரையிலிருந்து ஒரு விளம்பர நிறுவனத்தார் பேசினார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், மாதம் பன்னிரண்டாயிரமாம். கொடுக்கலாமா?

அக்னிதீர்த்தம் லாட்ஜ்:
கொடுக்காதே தம்பி. முதலில் கூகுள் மேப்பில் பெயரைப் பதிந்து வை, அதற்குக் காசே கிடையாது. எங்கள் லாட்ஜ் முழுக்க அதில்தான் ஓடுகிறது. 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. அப்போது வந்தவர்கள் மண்டபத்திலேயே இறங்கி வண்டி பிடித்து, வண்டிக்காரர் காட்டிய அறைக்குப் போனார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு நேராக ராமேஸ்வரம் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள், போனில் தேடிக்கொண்டே நடந்து வருகிறார்கள். வாசலில் நாங்கள் போட்ட சீரியல் லைட் படத்தை யாரும் சட்டை செய்யவில்லை. 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தோடு வருகிறவர்களுக்கு வெந்நீர் உண்டா, துணி உலர்த்தக் கொடி உண்டா, அதைக் காட்டும் படத்தைப் பார்த்துத்தான் போன் அடிக்கிறார்கள். இந்தியிலும் நாலு வரி எழுதி வைத்திருக்கிறோம். இதற்கெல்லாம் ஏஜென்சி எதற்கு?

கீழக்கரை தொதல்:
அண்ணே, உங்களுக்கு ராமேஸ்வரம் என்ற பெயரே விளம்பரம். காசியிலிருந்து புறப்படும்போதே உங்கள் ஊரைத் தேடிக்கொண்டுதான் வருகிறார்கள். தங்கச்சிமடத்துக் கருவாட்டை யார் தேடுகிறார்? தேடாதவர் கண்ணில் நாமாகப் போய்ப் பட வேண்டும், அதற்கு விளம்பரம் வேண்டும்.

எங்கள் வீட்டில் லாத்தா (அக்கா) தொதல் என்ற இனிப்பைக் கிண்டுகிறார். தேங்காய்ப்பால் சுண்டி, எண்ணெய் பிரிந்து, சட்டியில் ஒட்டாமல் மொத்தமாகத் திரண்டு வருகிற நேரம் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் எடுத்துப் போட்டு, சென்னைக்கும் கோவைக்கும் காட்டும்படி சின்னத் தொகை கட்டினோம். தொதல் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் ஆர்டர் கொடுத்தார்கள். மேப்பில் மட்டும் பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தால் கீழக்கரையைத் தாண்டியிருக்க மாட்டோம்.

ராம்நாடு டிசைனர்:
நான் இந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் விளம்பரமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி, அந்தப் பன்னிரண்டாயிரத்தில் அவர்கள் கூலி எவ்வளவு, விளம்பரத்துக்குப் போவது எவ்வளவு என்று எழுதி வாங்கு. விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. அதைவிட முக்கியம், பேஜ், விளம்பரக் கணக்கு, வாட்ஸப் எண் மூன்றும் உன் பெயரில் இருக்க வேண்டும். அவர்களுக்கு வேலை பார்க்கும் அனுமதி மட்டும் கொடு. கணக்கு அவர்கள் பெயரில் இருந்தால், நீ நிறுத்துகிற மாதம் அத்தனை வாடிக்கையாளரும் அவர்களோடு போய்விடுவார்கள். நம் மாவட்டத்திலேயே இது நடந்திருக்கிறது, எனக்கு இதில் ரொம்பக் கோபம் உண்டு.

ஓசியில் கிடைப்பதையும் முழுதாக நம்பாதீர்கள். கூகுள் இலவசமாகக் கொடுத்த வெப்சைட்டை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. அதை மட்டும் வைத்திருந்தவர்களுக்குக் கடை விலாசமே போனது.

சாயல்குடி பனை:
எத்தனை பேர் கண்ணில் படுவது என்பதையே இருவரும் பேசுகிறீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கருப்பட்டி வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘சீனி கலந்ததா?’ கருவாட்டுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: ‘மணல் இருக்குமா?’ விளம்பரத்தில் ‘சுத்தமானது’ என்று எத்தனை தடவை எழுதினாலும் யாரும் நம்பப் போவதில்லை. வலையைக் கட்டி, தரையிலிருந்து தூக்கிக் காயப் போட்டிருக்கிறீர்கள் என்றால் அதைப் படம் எடுங்கள். ஒரு பிடி நெத்திலியை வெள்ளைத் தட்டில் உதறிக் காட்டுங்கள், மணல் விழவில்லை என்பது தெரியட்டும். கடற்கரை மணலில் பரப்பிக் காய வைத்தால் முதலில் அதை மாற்றுங்கள், விளம்பரம் அப்புறம்.

எனக்கு வியாபாரம் நடப்பது இரண்டாவது முறை வாங்குகிறவர்களால். வாட்ஸப் பிசினஸில் கேட்டலாக் போட்டு விலையையும் எழுதிவிட்டேன். ‘விலைக்கு இன்பாக்ஸ் வரவும்’ என்று போடுவதை நிறுத்துங்கள், பாதிப் பேர் அதிலேயே போய்விடுகிறார்கள். பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் சேர்த்து அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று சீட்டு வைக்கிறேன்.

கீழக்கரை தொதல்:
முதல் பெட்டியே போகாமல் இரண்டாவது பெட்டி எப்படிப் போகும்?

சாயல்குடி பனை:
முதல் பெட்டி சொந்தக்காரர், தெரிந்தவர் மூலம் போகும். மெதுவாகத்தான் போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 61 நாளும் மீன் வரத்து குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காயப் போடவே வழியில்லை. மாதாமாதம் பன்னிரண்டாயிரம் என்றால் இந்த மாதங்களுக்கும் சேர்த்துத்தானே? ஆர்டர் வந்து சரக்கு இல்லை என்றால் அந்த ஆள் திரும்பி வரமாட்டார்.

கீழக்கரை தொதல்:
சரி, அந்த மாதங்களில் நிறுத்தி வையுங்கள். மாதக் கட்டணம் தவறு என்பதில் நானும் உங்களோடுதான். விளம்பரமே தவறு என்பதைத்தான் ஏற்க மாட்டேன். தெரிந்தவர் மூலமே போகட்டும் என்று இருந்தால் வியாபாரி வைத்ததே விலை என்ற நிலை மாறவே மாறாது. அதை உடைக்கத்தானே தம்பி இறங்கியிருக்கிறார்?

தங்கச்சிமடத்துக்காரன்:
உண்மைதான் அண்ணே, அம்மா சொல்வதும் அதுதான். ஒன்று கேட்க வேண்டும். எங்களுக்குக் கடை என்று எதுவும் இல்லை, வீடுதான். மேப்பில் பதிய விடுவார்களா?

ராம்நாடு டிசைனர்:
நேரில் போய் டெலிவரி கொடுப்பாய் என்றால் பதியலாம். வீட்டு விலாசத்தை மறைத்துவிட்டு, எந்த ஊர்களுக்குக் கொடுப்பாய் என்பதை மட்டும் காட்டு. கூரியரில் மட்டும் அனுப்புவதானால் கூகுள் ஏற்காது. பதியும்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். தெருவில் ஆரம்பித்து, கதவைத் திறந்து உள்ளே போய், தராசு, பேக்கிங், எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவுச் சான்று வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் காட்டு. அந்தப் பதிவு இல்லாவிட்டால் அதை முதலில் எடு, உணவுப் பொருளுக்கு அது கட்டாயம்.

அக்னிதீர்த்தம் லாட்ஜ்:
அப்புறம் ரிவ்யூவுக்காக விலை குறைத்துக் கொடுக்காதே, கூகுள் விதியில் அது கூடாது. வாங்கியவரிடம் வாய்விட்டுக் கேள், போதும். வீடும் ரோட்டோரம் என்றால் ஒரு போர்டு வை. தனுஷ்கோடி பார்த்துவிட்டுத் திரும்புகிற வண்டி அத்தனையும் தங்கச்சிமடம் வழியாகத்தான் பாம்பன் போகிறது.

தங்கச்சிமடத்துக்காரன்:
ரோட்டோரம்தான். மதுரைக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். வலைப் பரண் கட்டி, சான்று வாங்கி, தடைக்காலம் முடிந்ததும் என் பெயரிலேயே சென்னைக்கு மட்டும் சின்னதாக ஒரு விளம்பரம் போட்டுப் பார்க்கிறேன்.

சாயல்குடி பனை:
விளம்பரம் போடுகிற அன்று கூரியர்காரரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். கருவாட்டு வாசம் வெளியே வந்தால் சில இடங்களில் பார்சலே எடுக்க மாட்டார்கள். வேக்கம் பேக் போட்டு, அதன் மேல் இன்னொரு கவர், பிறகு அட்டைப்பெட்டி.