காலையில 900, சாயங்காலம் 1000

வரவுசெலவு:
எங்க தெருமுனையில கீரை விக்கிற அக்கா தினமும் விடியற்காலையில தண்டல்காரர்கிட்ட 900 ரூபாய் வாங்கி, கோயம்பேட்டுல சரக்கெடுத்து வித்து, சாயங்காலம் 1000 ரூபாயா திருப்பிக் கொடுக்கிறாங்க. வருஷக்கணக்கா இப்படித்தான் ஓடுது. ஒரு நாளைக்கு 100 ரூபாய் தனியா எடுத்து வச்சா ஒன்பதே நாள்ல சொந்த முதல் கையில நிக்கும். இது வறுமையா, பொறுப்பில்லாததா? எங்கப்பாவும் ஆட்டோதான் ஓட்டினார். ஒரு மாசம்கூட தவறாம போஸ்ட் ஆபீஸ்ல ஆர்.டி. கட்டி, என் காலேஜ் முதல் வருஷ ஃபீஸைக் கட்டினார்.

கீரைக்கட்டு:
எங்கம்மா செஞ்சதும் இதே வியாபாரம்தான், அதனால கணக்கைச் சொல்றேன். கூடை முழுக்க வித்தா 1300, 1400 வரும். தண்டலுக்கு ஆயிரம் போனா மிச்சம் முந்நூறு சொச்சம். வாடகை, அரிசி, மருந்து எல்லாம் அதுலதான். நீங்க சொல்ற நூறும் அதுலேர்ந்துதான் வரணும். எங்கம்மா எடுத்தும் வச்சாங்க. அரிசிப் பானைக்குள்ள சுருக்குப்பையில 700 ரூபாய் சேர்ந்திருந்துச்சு. ஒரு நாள் மழை கொட்டுச்சு. சாக்கு போட்டு மூடியும் அரைக்கீரை அழுகிப்போச்சு, வித்தது வெறும் 300. சாயங்காலம் டிவிஎஸ் 50ல தண்டல்காரர் வந்து நின்னார். சுருக்குப்பை காலி. மறுநாள் விடிஞ்சா திரும்ப 900.

வரவுசெலவு:
மழையை மறுக்கலைங்க. ஆனா வேற வழி இருக்கே. தெரு வியாபாரிகளுக்குன்னே 2020ல பி.எம். ஸ்வநிதி கடன் திட்டம் வந்துச்சு. ஈடு இல்லாம முதல் கடன் அப்போ 10,000 ரூபாய், 2025ல 15,000 ஆக்கினாங்க. ஒழுங்கா கட்டினா 7 சதவீதம் வட்டி மானியம். அதை விட்டுட்டு தண்டலுக்குப் போவானேன்? அதே அக்கா போன மாசம் ஒரு கல்யாணத்துல 1000 ரூபாய் மொய் வச்சாங்க, அதுவும் கடன் வாங்கி.

பேராவூரணிக்காரன்:
மொய்யை வீண்செலவுன்னு சொல்றவங்க மொய் நோட்டைப் பார்த்ததில்லை. எங்க பக்கம் ஆடி மாசத்துல மொய் விருந்துன்னே தனியா வைப்போம். யார் எவ்வளவு வச்சாங்கன்னு பேர், ஊரோட எழுதிக்கிட்டு, அவங்க முறை வரும்போது கூடுதலா போட்டுத் திருப்பணும். எங்க வயல்ல போர் போட்டது அந்தப் பணத்துலதான். ஆனா திருப்ப முடியாதவர் பாடு பெரும்பாடு. என் சித்தப்பா ரெண்டு வருஷம் எந்த விசேஷத்துக்கும் போகாம வீட்டுக்குள்ளயே கிடந்தார்.

கீரைக்கட்டு:
ஸ்வநிதிக்கு மாநகராட்சிக் கணக்கெடுப்புல பேர் இருக்கணும், இல்லேன்னா பரிந்துரைக் கடிதம் வேணும். தலைச்சுமையா தெருத்தெருவா விக்கிறவங்க பேர் சுலபமா விட்டுப்போகும். பேங்க்குக்கு ரெண்டு நாள் அலைஞ்சா ரெண்டு நாள் சோறு போச்சு. தண்டல்காரர் வாசலுக்கே வர்றார். 2003லயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துச்சு, தண்டலும் அதுல சேர்த்திதான். புகார் கொடுத்துட்டு மறுநாள் முதலுக்கு எங்கே போறது?

நான் இப்போ சம்பளக்காரி. அவசரம்னா பேங்க்ல நகையை வச்சு, வருஷத்துக்கு 9, 10 சதவீத வட்டியில வாங்கிக்கிறேன். எங்கம்மாவுக்கு ஒரே நாளைக்கு 11 சதவீதம். அவங்களைவிட நான் பொறுப்பானவள்னு யாராவது சொன்னா எனக்கு வயிறு எரியும். ஒண்ணு கேக்குறேன், உங்கப்பா வாடகை வீட்டுலயா இருந்தார்?

வரவுசெலவு:
இல்லை. தாத்தா கட்டின வீடு. ஆட்டோவும் சொந்தம், மாமா பணம் போட்டு உதவினார். அதை நான் கணக்குல சேர்க்கவே இல்லை, ஒத்துக்கிறேன். ஆனா எங்கப்பா குடிக்காம, ஒரு சினிமாகூடப் பார்க்காம சேர்த்ததை ஒண்ணுமில்லைன்னு சொல்ல விடமாட்டேன்.

கீரைக்கட்டு:
நான் அப்படிச் சொல்லவே மாட்டேன். எங்கம்மாவும் சினிமா பார்த்ததில்லை. உங்கப்பா சேர்த்தது சேர்த்த இடத்துல நின்னுச்சு, அவ்வளவுதான்.

வரவுசெலவு:
நாளைக்கு அந்த அக்காகிட்ட வியாபாரி அட்டை இருக்கான்னு கேக்குறேன். இல்லேன்னா நானே மாநகராட்சி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

கீரைக்கட்டு:
காலையில கேக்காதீங்க, வியாபாரம் கெடும். நாலு மணிக்கு மேல போங்க. ஆறு மணிக்கு தண்டல்காரர் வந்துடுவார், அவர் எதிர்ல வாயைத் திறக்க மாட்டாங்க.